செட்டிநாட்டு வீட்டுக்குள் பேய்க்கதை எழுதுவது எப்படி?

கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைப் பார்த்தவுடன் பேய்க்கதை எழுதத் தோன்றுவது இயல்பு. ஆனால் எழுத உட்கார்ந்ததும் வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. முதல் வேலையாக அவற்றை அடித்துவிடுங்கள்.

நிலைத்துவிட்ட பேய்க்கதைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஜப்பானின் ஹிமேஜி கோட்டைக் கிணற்றில் ஒகிகு என்ற பணிப்பெண்ணின் ஆவி தட்டுகளை எண்ணுவதாகச் சொல்வார்கள். பத்தில் ஒரு தட்டு காணாமற்போன பழியால் இறந்தவள் ஆதலால், எண்ணிக்கை ஒன்பதோடு நின்றுவிடும். புனேயின் சனிவார் வாடா கோட்டையில், 1773-இல் கொல்லப்பட்ட இளம் பேஷ்வா (மராத்திய அரசின் தலைமை அமைச்சர்) நாராயணராவ் "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கதறும் குரல் கேட்குமாம். அந்தக் கொலையின் பழியைச் சுமந்தவரே சித்தப்பாதான். ஒன்றில் கணக்கும் மற்றொன்றில் உறவும் அச்சமாக மாறியிருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டில் இரண்டுக்குமே பஞ்சமில்லை.

அடுத்து, வீட்டின் வரைபடத்தைத் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் தொடங்கும் முகப்பு, அதன்பின் முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு பின்தெருவில் முடியும் வீட்டில், வாசல்கள் நேர்கோட்டில் இருப்பதால் திண்ணையில் நின்றே கொல்லைப்புறம் வரை பார்க்க முடியும். முற்றங்களில் வெயில் கொட்டும். இடைப்பட்ட பகுதிகளில் நண்பகலிலும் இருட்டு தங்கியிருக்கும். பின்கட்டிலிருந்து நடந்து வருபவர் வெளிச்சத்தில் தெரிந்து, இருட்டில் மறைந்து, அடுத்த முற்றத்தில் மறுபடி தெரிவார். ஒருமுறை மறைந்தவர் அடுத்த முற்றத்துக்கு வரவே இல்லை என்று எழுதினால் போதும், வேறு மாயம் எதுவும் தேவைப்படாது.

உடல் சில்லிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசிய சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். உள்ளூர் வாசகர் சிரித்துவிடுவார். இரவில் பர்மாத் தேக்கு மரம் சுருங்கும்போது எழும் ஓசைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இறந்தவரின் பின்னணிக்கு வரலாறே இடம் தருகிறது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, அங்கே வட்டித் தொழில் செய்துவந்த நகரத்தார் உட்பட ஏராளமான இந்தியர்கள் காட்டு வழியே கால்நடையாகத் திரும்பினார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். சாவுச் செய்தி வந்து சேராத ஒருவரின் அறையை எப்போது, யார் திறப்பது என்ற கேள்வியே பாதிக் கதையை நடத்திவிடும். உண்மையான வீட்டின் பெயரை மட்டும் இடாதீர்கள். பூட்டியிருந்தாலும் அதற்குப் பங்காளிகள் இருக்கிறார்கள். உறவுப்பெயரிலும் கவனம் வேண்டும்: நகரத்தார் வழக்கில் அப்பச்சி என்பவர் தந்தை, தாத்தாவை ஐயா என்பார்கள்.

உச்சக்காட்சியைக் கணக்கிலிருந்து எடுங்கள். திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. முன்னோரை வணங்கிப் படையலிடும் படைப்புக்காக வீட்டைத் திறக்கிறார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று பணம் சேர்கிறது. இரவில் கூட்டிப் பார்த்தால், இருக்கும் புள்ளிகளுக்கு மேல் இன்னும் ஒரு புள்ளிக்கான தொகை கூடுதலாக இருக்கிறது. குறைந்திருந்தால் யாராவது தரவில்லை என்று விட்டுவிடலாம். கணக்கு எழுதுபவர் மூன்றாம் முறையும் எண்ணி முடித்தபோது, தூணோரம் உட்கார்ந்திருந்த மூத்த ஆச்சி, "எழுதிக்கப்பா, அவுக கொடுத்துட்டாக" என்கிறார். கொடுத்தது யார் என்று நீங்கள் விளக்க வேண்டாம். துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே ஓர் அறையின் பூட்டில் மட்டும் எண்ணெய் ஈரமாக இருந்ததை எழுதிவிட்டுப் பேனாவை மூடுங்கள்.