நீண்ட சைக்கிள் பயணத்தின் இடையில் பொருட்களைப் பிரித்து அடுக்கும் முறை

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் மாங்குளம் வந்து, அங்கே கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்கும், பின்னர் பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கும் பல நாள் சைக்கிளில் செல்ல விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், சில நாட்களில் ஈர உடுப்பு அரிசிப் பையோடு சேர்ந்துவிடும்; ரோச் லைற் எந்தப் பையில் கிடக்கிறது என்பதே தெரியாது போய்விடும். மேலும் மேலும் திணிப்பதை விட, தங்குமிடம் ஒன்றில் ஒரு பிற்பகலை ஒதுக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எப்போது தேவைப்படும் என்ற ஒரே அளவுகோலால் மீண்டும் அடுக்குவதே சரியான வழி.

இந்த வேலையைப் பிற்பகல் 3 மணிக்கே தொடங்குங்கள். 6 மணி கடந்ததும் இருள் விரைவாகக் கவிந்துவிடும், இருட்டில் அடுக்கிய பை மறுநாள் மீண்டும் குழம்பும். கோயில் மடம், பாடசாலை மைதானம், சனசமூக நிலைய வளவு ஆகியவற்றுள் ஒன்றில், பொறுப்பானவரிடம் அனுமதி கேட்டுத் தங்குவது நல்லது. ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்காடுகளுக்குள் கூடாரம் அடிக்கவே கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ணில் படாவிட்டாலும், மக்கள் புழங்கும் நிலத்தை விட்டு விலகாதீர்கள். யானைகள் நீருக்கு வரும் குளக்கரைகளையும் தவிருங்கள். பாலை பழுக்கும் காலத்தில் அந்த மரத்தடி நிழல் எவ்வளவு இதமாக இருந்தாலும் அங்கே பொருட்களைப் பரப்ப வேண்டாம், ஏனெனில் பழத்தைத் தேடிக் குரங்குகள் மட்டுமன்றிக் கரடியும் வரும்.

முதலில் தறப்பாளை விரித்து, பைகள் அனைத்தையும் அதன்மேல் கொட்டி, வெறும் பைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உதறுங்கள். சிவப்பு மண் தூசியும் எறும்பும் பையின் மூலைகளில்தான் தங்கியிருக்கும்.

அடுத்து, கொட்டியவற்றை நான்கு குவியல்களாகப் பிரியுங்கள். ஓடும்போதே கைக்கு எட்ட வேண்டிய தண்ணீர், தொப்பி, பனங்கட்டி, ஜீவனி (உடலின் நீரிழப்பை ஈடுசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்) ஆகியன முதற்குவியல். இறங்கியவுடன் வேண்டிய கூடாரம், நுளம்புவலை, ரோச் லைற், மாற்றுடுப்பு இரண்டாவது. பஞ்சர் ஒட்டும் சாமான், மருந்து, அடையாள அட்டை மூன்றாவது. புறப்பட்ட நாளிலிருந்து ஒரு தடவையேனும் தொடாத பொருட்கள் நான்காவது. இந்த நான்காவது குவியலில்தான் மனம் தடுமாறும். “நாளைக்கு உதவும்” என்று தோன்றும். மருந்தையும் திருத்தும் சாமான்களையும் தவிர்த்து, தொடாதவற்றை இரக்கமின்றி ஒதுக்கி, மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ தபாலில் இட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எதிர்க்காற்றில் மிதிக்கும்போது குறைந்த ஒவ்வொரு கிலோவின் அருமையும் கால்களுக்குத் தெரியும்.

திருத்தும் சாமான்களைச் சற்று நெருங்கிப் பாருங்கள். நம் ஊர்ச் சைக்கிள்கள் பலவற்றின் வால்வில் ஒரு மெல்லிய றப்பர் குழாய் இருக்கும். வெயிலில் அது இளகி வெடித்தால், ரியூப்பில் ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கும். விரல் நீளத் துண்டு ஒன்றைச் சிறு பொலித்தீன் உறையில் சொலூசனோடு சேர்த்து வைத்திருந்தால், அடுத்த கடை வரை உருட்டிச் செல்லும் துன்பம் இராது.

இனி ஏற்றுதல். அரிசி, சமையற்பாத்திரம், மேலதிகத் தண்ணீர் போன்ற பாரமானவற்றைப் பக்கப்பைகளின் அடியில், சில்லின் அச்சுக்கு இயன்றவரை அருகில் வையுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், நான்கு லீற்றரையும் ஒரே பக்கத்தில் ஏற்றினால் சைக்கிள் அந்தப் பக்கமே சாயும். இரு கைகளிலும் ஒவ்வொரு பையைத் தூக்கிப் பார்த்து எடையைச் சமப்படுத்துங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் பைக்கு மேலே உறை போடுவதோடு நில்லாமல், உள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றை விட்டு அதன் வாயை முறுக்கிக் கட்டுங்கள். கூடாரத்தைக் கரியரின்மேல் கட்டுவதற்கு நைலோன் கயிற்றை விடப் பழைய ரியூப்பை நீளவாக்கில் வெட்டிய பட்டி சிறந்தது: குலுங்கும்போது அது தளராது. இழுத்துச் சுற்றிய பின் நுனியைக் கடைசிச் சுற்றுக்குக் கீழே மடித்துச் செருகினால், பிரிக்கும்போது ஓர் இழுப்பில் கழன்றுவிடும்.

கட்டி முடிந்ததும் மைதானத்தை ஓரிரு தடவை சுற்றி ஓடிப் பாருங்கள். ஹாண்டில் நடுங்கினால் பாரத்தை மாற்றி அடுக்கிப் பாருங்கள்; குதிக்கால் பையில் இடித்தால் பையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கரியர் ஆணிகளை அன்றிரவே முடுக்கி, மறுநாள் கிரவல் வீதியில் சில கிலோமீற்றர் ஓடிய பின் இறங்கி மீண்டும் ஒருமுறை முடுக்குங்கள்.