பழைய விளையாட்டுக் கம்ப்யூட்டர்: ஸ்விட்சைப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

சவூதியில் வேலை பார்த்த என் மாமா ஊருக்குத் திரும்பியபோது பென்டியம் 3 கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் அவர் வீடு. பல ஆண்டுகள் மச்சிலேயே கிடந்த அந்தப் பெட்டியை நான் கேட்டு வாங்கினேன். பள்ளி நாட்களில் விளையாடிய விளையாட்டுகளை அதே காலத்துப் பெட்டியில் மறுபடி ஆட வேண்டும் என்ற ஆசை. வயரைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். வெடிச்சத்தம், வெண்புகை, கருகிய நாற்றம். எல்லாம் ஒரு நொடியில் முடிந்தது.

பவர் சப்ளையின் பின்புறம் ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அதில் 115 அல்லது 230 என்று தெரியும். சவூதி வீடுகளில் அப்போது 127 வோல்ட் பரவலாக இருந்ததால், மாமா பெட்டியில் அது 115-இல் நின்றது. அந்த நிலையில் உள்சுற்று வோல்டேஜை இரட்டிப்பாக்கும். நம் 230 வோல்ட்டின் உச்சம் சுமார் 325 வோல்ட், அது இரட்டிப்பாகி உள்ளே ஏறக்குறைய 650 வோல்ட் சேரும். மின்னூட்டத்தைச் சேமிக்கும், தலா 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெபாசிட்டர்கள் அதற்கு எப்படி ஈடுகொடுக்கும்? வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஆகவே முதலில் இந்த ஸ்விட்சைப் பாருங்கள்.

அடுத்தது உப்புக்காற்று. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்து வீடுகளிலிருந்து கிடைக்கும் மதர்போர்டுகளில், கார்டுகளைச் செருகும் ஸ்லாட்டின் உட்கம்பிகளைக் கைவிளக்கு வைத்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் பாதி நோய் அதுதான். பலர் கார்டின் தங்க விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து விடுகிறார்கள். அது மிக மெல்லிய பூச்சு. அது போய்விட்டால் அடியில் உள்ள உலோகம் நம் காற்றில் சீக்கிரமே அரிக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். கழுவிய போர்டை ஒரு நாளாவது உலரவிடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது, ஆனி மாதத்தில் ஒரு நாள்கூடப் போதாது. பாகங்களை வெறும் பாலித்தீன் பையில் கட்டி வைப்பதும் தவறு, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

பென்டியத்துக்கும் முந்தைய 386, 486 பிராசஸர் காலத்துப் போர்டு கிடைத்தால் உருளை வடிவ நீலப் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கல் காட்மியம் பேட்டரி அது. காலப்போக்கில் கசிந்து பக்கத்துத் தாமிரப் பாதைகளைத் தின்றுவிடும். இயங்கும் போர்டாக இருந்தாலும் அதைக் கழற்றிவிடுங்கள். கசிவின் மேல் சமையல் சோடா போடுவது வீண்வேலை. கசிவது காரம் என்பதால் வினிகரோ எலுமிச்சைச் சாறோதான் அதை முறிக்கும். பிறகு வாலை வடிநீரில் கழுவ வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளின் போர்டுகளில் தலை வீங்கிய, பழுப்புக் கசிவு காய்ந்த கெபாசிட்டர்களைக் காணலாம். தரங்கெட்ட மின்பகு திரவத்தால் அந்தக் காலத்தில் பல நிறுவனங்களின் போர்டுகள் இப்படிப் போயின. மாற்றிவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில் எடுத்த பவர் சப்ளை வேண்டாம் என்று புதிதாக வாங்குபவர்கள் இன்னொரு பிழை செய்கிறார்கள். வாட்டேஜை மட்டும் பார்க்கிறார்கள். இன்றைய பவர் சப்ளையின் பலம் 12 வோல்ட் வழியில் இருக்கிறது. பென்டியம் 3, தொடக்க கால அத்லான் (ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர்) போர்டுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டைத்தான் இழுக்கும். உறையில் ஒட்டிய சீட்டில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். ஏடி என்ற இன்னும் பழைய வகைப் போர்டுகளில் பவர் சப்ளையிலிருந்து வரும் பிளக் இரண்டு இருக்கும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கமாக வர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும்.

அந்தக் காலத்து வூடூ, வூடூ 2 கிராஃபிக்ஸ் கார்டுகளைத் தேடி அலைபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இவை முப்பரிமாண வேலை மட்டுமே செய்யும். திரையில் சாதாரணப் படம் வர இன்னொரு விஜிஏ கார்டு கூடவே வேண்டும். விண்டோஸ் 98-க்கு 256 எம்பி ரேம் தாராளம். 512-ஐத் தாண்டினால் அமைப்பைத் திருத்தாமல் தகராறு செய்யும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் விளையாட்டுகள்தான் குறி என்றால் வேகமான பிராசஸர் வேண்டாம். சில விளையாட்டுகள் ஓடும் ஓட்டத்தில் கண்ணால் பின்தொடரவே முடியாது.

பெட்டி கிடைத்ததும் ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்வது எனக்குத் தாங்காத தவறு. முதலில் அதைத் தனியே கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் முழுவதையும் நகலெடுங்கள். மாமா பெட்டியின் பவர் சப்ளை போனாலும் டிஸ்க் பிழைத்திருந்தது. அதில் அவர் ஸ்கேன் செய்து வைத்த படங்கள் இருந்தன. ஒன்றில் அம்மாச்சி குளச்சல் வீட்டு முற்றத்தில் மீன் நறுக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தின் அச்சுப் பிரதி இப்போது எங்கள் யாரிடமும் இல்லை.