எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அல்ல

உளவியல் முதலாண்டுப் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இது. பழக்கங்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் சொன்ன 'எதிர்மறை'யைக் கெட்டது என்று படிக்காதீர்கள். கழித்தல் குறி என்று படியுங்கள். ஏதோ ஒன்று நீங்குகிறது, அவ்வளவுதான்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு, போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பே உதாரணமாகப் போதும். ஒருநாள் காலை ஆறரைக்கே கிளம்புகிறீர்கள், நெரிசல் இல்லை. மறுநாளும் சீக்கிரம் கிளம்புகிறீர்கள். தொல்லை நீங்கியதால் பழக்கம் வலுத்தது: எதிர்மறை வலுவூட்டல். சரி, ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டு அபராதம் கட்டினால்? பணம் போகிறது, அதுவும் கழித்தல்தான். ஆனால் ஹெல்மெட் போடாமல் ஓட்டுவது குறைகிறது. எனவே எதிர்மறைத் தண்டனை.

தேர்வில் முதல் கேள்வி, பழக்கம் கூடியதா குறைந்ததா என்பதுதான். கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. ஏதோ ஒன்று சேர்ந்ததா (கூட்டல், நேர்மறை) நீங்கியதா (கழித்தல், எதிர்மறை) என்பதை அப்புறம் பாருங்கள்.