கல்லூரி ஹாக்கி உதவித்தொகை: ஆட்டம் சரியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் உதவித்தொகை பெற்று ஐஸ் ஹாக்கி ஆடும் மாணவர்கள் பலர், ஆட்டம் சரிந்தால் பயிற்சியாளர் பணத்தையும் நிறுத்திவிடுவார் என்று கலங்குகின்றனர். விதி அப்படி இல்லை. உதவித்தொகை நடப்பில் இருக்கும் காலத்தில், ஆட்டத்திறனையோ காயத்தையோ காரணம் காட்டி அதைக் குறைக்கக்கூடாது என்பது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பழைய விதி. ஆண்டு முடிவில் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதற்கு மட்டும் நெடுங்காலம் வழி இருந்தது. 2015இல் பெரிய கல்லூரிகள் அடங்கிய ஐந்து விளையாட்டுக் கூட்டமைப்புகள் அந்த வழியை அடைத்தன, 2024 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதற்பிரிவில் ஆடும் கல்லூரிகள் அனைத்துக்கும் அந்தப் பாதுகாப்பு விரிந்தது.

ஆகவே இன்றைய பயிற்சியாளர் கைவைப்பது ஆடும் நேரத்தில்தான். முதலில், குறைந்த நேரமே களமிறங்கும் நான்காவது வரிசைக்கு (லைன்) இறக்குவார்; பிறகு காயம் ஏதும் இல்லாதவரையே அன்றைய ஆட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைப்பார்; பருவம் முடிந்ததும் தனியே அழைத்து, "அடுத்த ஆண்டு இங்கே உனக்கு வாய்ப்பு குறைவு, வேறிடம் பார்த்துக்கொள்" என்பார். அது வெறும் ஆலோசனை. நீக்க உத்தரவு அன்று. பெரிய தவறு நிகழ்வது இங்கேதான். மனமுடைந்து அன்றைக்கே, கல்லூரி மாற விரும்பும் வீரர்களுக்கான என்.சி.ஏ.ஏ. இணையப் பட்டியலான டிரான்ஸ்பர் போர்ட்டலில் பெயரைப் பதிந்தால், நடப்பு செமஸ்டர் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்தக் கல்லூரிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. வேறு அணி எதுவும் அழைக்காவிட்டால் ஆட்டமும் இல்லை, பணமும் இல்லை. கோபத்தில் விலகல் கடிதம் கொடுப்பது அதைவிட மோசம், ஏனெனில் தானே விலகியவரின் உதவித்தொகையை ஆண்டின் நடுவிலேயே நிறுத்தலாம். (பெற்றோர் பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்து வாதாடுவதால் எந்தப் பையனும் முதல் வரிசைக்கு ஏறியதாகத் தெரியவில்லை.)

இந்த நெருக்கடி இப்போது கூடியிருக்கிறது. கல்லூரி வீரர்கள் தங்களுக்குப் பணம் கேட்டு என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில், ஆண்கள் ஹாக்கிக்கு 18 முழு உதவித்தொகைகள் என்ற பழைய உச்சவரம்பு நீங்கி, உதவித்தொகை இல்லாதவர்களையும் சேர்த்து அணியில் 26 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்துள்ளது. அதுவரை கல்லூரி அணிகளில் சேர முடியாதிருந்த, கனடிய மேஜர் ஜூனியர் லீக்குகளில் (இளையோருக்கான உயர்மட்டப் போட்டிகள்) ஆடியவர்களும் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இந்த இடங்களுக்குப் போட்டியிடுகின்றனர்.

வாய்மொழி உறுதியை நம்பிச் சேர்வது இன்னொரு தவறு. ஹாக்கியில் ஓர் உதவித்தொகையைப் பலருக்குப் பிரித்துத் தரலாம் என்பதால், எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டு என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று கையொப்பமிடும் முன்பே பார்க்க வேண்டும். தொகை குறைக்கப்பட்டாலோ புதுப்பிக்கப்படாவிட்டாலோ, விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகக் குழுவிடம் முறையிடும் உரிமை மாணவருக்கு உண்டு. பலர் அதைக் கேட்பதே இல்லை. படிப்பில் தகுதி இழந்தால் மட்டும் எந்தப் பாதுகாப்பும் உதவாது.

ஹார்வர்டு, கார்னெல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகையே தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் அந்த உதவி, மாணவர் அணியை விட்டு விலகினாலும் தொடரும்.