நாக்கு எதுவரை, மூக்கு எங்கிருந்து? மூன்று டம்ளர் சோதனை

சளி பிடித்தால் ரசம் சப்பென்று ஆகிவிடுகிறது. ஆனால் உப்பும் புளிப்பும் அப்போதும் தெரியும். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (தக்காளி, காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் தெரியும் சுவை) ஆகிய ஐந்தை மட்டுமே. ருசி என்று நாம் சொல்வதில் மீதிப் பெரும்பகுதி மணம். அது வாயின் பின்புறமாக ஏறி மூக்குக்குப் போகிறது. சர்க்கரைத் தண்ணீரை வைத்தே இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கரைசல்

300 மி.லி. தண்ணீரில் 24 கிராம் சர்க்கரை (தலைதட்டி 6 டீஸ்பூன்) கரைத்து, ஒரே மாதிரியான மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். முதலாவதில் வெனிலா எசென்ஸ் 3 சொட்டு. இரண்டாவதில் சமையலுக்கான ரோஸ் வாட்டர் அரை டீஸ்பூன். முகத்துக்குப் பூசும் வகை வேண்டாம். மூன்றாவது வெறும் சர்க்கரைத் தண்ணீர். இனிப்பு வேறுபடாதிருக்க, முதலாவதிலும் மூன்றாவதிலும் அரை டீஸ்பூன் சாதாத் தண்ணீர் சேர்த்துவிடுங்கள்.

எசென்ஸ் கூடினால் கசப்பு தட்டி, நாக்கே கண்டுபிடித்துவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீரும் ஆகாது: குளிர்ச்சியில் மணம் குறைவாகவே எழும், இனிப்பும் மங்கும்.

புதினா, ஏலக்காய், கிராம்பு மூன்றையும் தவிருங்கள். புதினா, ஏலக்காயின் குளிர்ச்சியும் கிராம்பின் மரப்பும் சுவையும் அல்ல, மணமும் அல்ல. முகத்தின் தொடு உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பு வழியாக வருபவை. மூக்கை மூடினாலும் அவை தெரியும். மிளகாயும் அப்படித்தான்: 1997-இல் அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு கண்டறிந்த, சூட்டை உணரும் ஏற்பியைத்தான் (நரம்பு முனையில் உள்ள உணர்விப் புரதம்) அது தூண்டுகிறது. நம் அறுசுவைப் பட்டியலில் உள்ள காரமும் துவர்ப்பும் இன்றைய உடலியல் கணக்கில் பெரும்பாலும் தொடு உணர்வுகளே.

2. மூடுதல்

விரலைவிட நீச்சலுக்குப் போடும் மூக்கு கிளிப் நல்லது. விரல் தளரும், சோப்பு வாசனையும் அடிக்கும். கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள். டம்ளர் முகத்தருகே வருவதற்கு முன்பே கிளிப் போட்டிருக்க வேண்டும். வரிசையை வேறொருவர் மாற்றித் தரட்டும்.

3. சுவைத்தல்

ஒரு டீஸ்பூன் அளவு வாயில் விட்டு, நாக்கு முழுதும் சுழற்றி விழுங்குங்கள். மூன்றும் வெறும் இனிப்பாகத்தான் இருக்கும்.

4. திறத்தல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கிளிப்பை எடுத்ததும் மூச்சை உள்ளே இழுத்துவிடுகிறார்கள். அப்போது வெளிக்காற்றுதான் மூக்குக்குள் போகிறது, வாயில் இருக்கும் மணம் மேலே ஏறுவதில்லை. விழுங்கும் கணத்தில் மென்அண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்புறமுள்ள மெல்லிய சதை) உயர்ந்து, தொண்டையிலிருந்து மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது. விழுங்கி முடிந்ததும் வழி திறக்கும். எனவே விழுங்குங்கள், வாயை மூடியபடியே கிளிப்பை எடுங்கள், மூக்கு வழியாக மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். வெனிலாவோ ரோஜாவோ சட்டென்று தெரியும், அதுவும் நாக்கிலேயே இருப்பதுபோல. மணம் மேலே மூக்கின் கூரையில் உணரப்பட்டாலும், வாயில் பண்டம் இருக்கும்போது மூளை அதை வாய்க்கே உரியதாகக் கொள்கிறது.

ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் விடுங்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் உணர்வு மரத்துப்போகும். சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக காபி, வெற்றிலை, பற்பசை கூடாது.

நாக்கு வரைபடம் பற்றி

நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்ற பள்ளிப்புத்தகப் படம் தவறு. 1901-இல் ஜெர்மனியில் ஆய்வாளர் டேவிட் ஹேனிக் கண்டது இடத்துக்கு இடம் உணர்திறனில் இருந்த சிறு வேறுபாடு மட்டுமே. பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டு நுனியில் வையுங்கள், புளிக்கும்.

பின்சேர்க்கை: மூக்கைத் திறந்த பிறகும் மூன்றும் ஒன்றாகவே இருக்கிறதா? முதலில் டம்ளரை நேராக முகர்ந்து பாருங்கள். மணம் வந்தால், மூச்சு விடும் முறையில்தான் கோளாறு. நான்காம் படியைத் திரும்பச் செய்யுங்கள். மணமே வரவில்லை, மற்றவர்களுக்கு வருகிறது, உங்களுக்குச் சளியும் இல்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எரிவாயுக் கசிவோ தீயும் வாடையோ தெரியாமல் போவது ஆபத்து.