வீட்டைக் காலி செய்தபின் கிளீனிங் செலவு என்று டெபாசிட்டைப் பிடித்தால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கிலாந்தில் டெபாசிட் தகராறு என்றாலே முதலிடம் கிளீனிங்குக்குத்தான். வாடகை பாக்கி, உடைந்த பொருள், தோட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சாவியைக் கொடுத்த சில நாளில் ஏஜென்ட்டிடமிருந்து மின்னஞ்சல் வரும்: கிளீனிங்குக்கு 320 பவுண்ட் கழிக்கிறோம், சம்மதம் சொல்லுங்கள், மீதியை அனுப்புகிறோம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிக் கை காலியாக இருக்கும் நேரம் அது. மீதியாவது சீக்கிரம் வரட்டும் என்று நம் ஆட்கள் பலர் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, பிறகு திரும்பக் கேட்பது மிகக் கஷ்டம்.

அதனால் அந்த மின்னஞ்சலுக்கு உடனே பதில் போடாதீர்கள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டெபாசிட் உங்கள் பணம். அதில் ஒரு பவுண்ட் கழிக்க வேண்டுமென்றாலும் காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். வீடு சுத்தமாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. சுத்தமாக இல்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்பவே கொஞ்ச நாள் ஆகும்.

சட்டம் சொல்வது

இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு வேறு விதிகள் இருக்கின்றன.

2007 ஏப்ரல் முதல், வீட்டுக்காரர் வாங்கும் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும், இப்போது அதற்குக் கெடு 30 நாள். டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் ஆகியவை அந்த மூன்றும். எதில் பதிவு செய்தார் என்ற விவரத்தையும் அதே 30 நாளுக்குள் உங்களிடம் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் மூன்று திட்டங்களின் இணையதளங்களிலும் உங்கள் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் போட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம்.

2019 ஜூன் 1 அன்று வந்த டெனன்ட் ஃபீஸ் ஆக்ட் இன்னும் முக்கியம். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. மாதம் 1,400 பவுண்ட் வாடகை என்றால் உச்சவரம்பு சுமார் 1,615 பவுண்ட். கிளீனிங் விஷயத்தில் அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது: போகும்போது ப்ரொஃபெஷனல் கிளீனிங்குக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும், இந்தக் கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் வீட்டுக்காரரோ ஏஜென்ட்டோ கட்டாயப்படுத்த முடியாது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தாலும் அது செல்லாது. வந்தபோது வீடு எந்த அளவு சுத்தமாக இருந்ததோ அந்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தச் சுத்தத்தை நீங்களே தேய்த்துக் கொண்டு வந்தாலும் சரி, காசு கொடுத்து ஆள் வைத்தாலும் சரி, ரசீது கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

சண்டை முழுக்க இந்த ஒரு ஒப்பீட்டில்தான் இருக்கிறது: குடிவந்த நாளின் நிலை, காலி செய்த நாளின் நிலை. முதல் நாள் அறிக்கையில் ஓவன் தட்டில் எண்ணெய்க் கறை என்று எழுதியிருந்தால், கடைசி நாளில் பளபளக்கும் ஓவனை அவர் கேட்க முடியாது. முதல் நாள் அறிக்கையே இல்லை என்றால் அவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை. அப்படிப்பட்ட வழக்கில் வீட்டுக்காரர் ஜெயிப்பது மிகக் கடினம்.

முதல் நாளை விட்டுவிடாதீர்கள்

செக்-இன் இன்வென்டரி என்று ஒரு நீளமான ஆவணம் வரும், மேலே சொன்ன முதல் நாள் அறிக்கை இதுதான். ஒவ்வொரு அறையின் சுவர், கதவு, கார்பெட், சாமான் பற்றி வரிவரியாக எழுதியிருக்கும். சில நாளுக்குள் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம் என்றும் எழுதியிருக்கும். விமானம் ஏறி வந்து, குழந்தைக்குப் பள்ளி தேடி, வங்கிக் கணக்குக்கு அலையும் வாரத்தில் அதைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. இருந்தாலும் ஒரு மாலையை அதற்கென்று ஒதுக்குங்கள். பின்னால் வரும் தகராறில் பாதி அந்த மாலையில்தான் தீர்கிறது.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். ஓவன் உள்ளே, ஃப்ரிட்ஜ் ரப்பர் மடிப்பு, அடுப்புக்கு மேல் புகையை உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்டரின் வலை, வாஷிங் மெஷின் சோப்புப் பெட்டி, ஜன்னல் சட்டத்தின் அடிப்பகுதி, குளியலறை சிலிக்கான் ஓரம், கட்டிலுக்கு அடியில் இருக்கும் கார்பெட் எல்லாவற்றையும் படம் எடுங்கள். காலி செய்யும்போது பிரச்சினை வருவது இந்த இடங்களில்தான். அறிக்கையில் சுத்தமாக உள்ளது என்று எழுதி, நேரில் அழுக்காக இருந்தால் படத்தோடு ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல் போடுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னது போதாது, தொலைபேசியில் சொன்னது கணக்கிலேயே வராது. அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டாலும் தேதியோடு உங்கள் பக்கம் பதிவாகிவிடுகிறது.

நம் சமையலும் லண்டன் தண்ணீரும்

இதை நேராகவே பேச வேண்டும். தினமும் தாளிக்கும் வீட்டில் எக்ஸ்ட்ராக்டர் வலையிலும் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரிலும் எண்ணெய் படியும். மஞ்சள் பட்ட வெள்ளை மேடை சீக்கிரம் வெளுக்காது. விளக்கேற்றும் மூலையில் சுவர் கறுக்கும். சாம்பிராணி வாசம் திரைச்சீலையில் தங்கும். இதெல்லாம் சாதாரணமாக வாழ்ந்த அடையாளம்தானே, தேய்மானத்தில் சேராதா என்று நினைப்போம். சேராது. கார்பெட் நடந்து தேய்வது, பெயின்ட் மங்குவது, கைப்பிடி தளர்வது தேய்மானம். அழுக்குக்கு அந்தச் சலுகை இல்லை. வருஷக்கணக்கில் குடியிருந்தாலும் ஓவன் எண்ணெயை நீக்கிவிட்டுத்தான் போக வேண்டும். தேய்மானம் என்ற ஒரே வாதத்தை வைத்துக்கொண்டு கிளீனிங் தகராறுக்குப் போகிறவர்கள் தோற்பது இதனால்தான்.

இன்னொன்று உப்பு. லண்டனிலும் தென்கிழக்கிலும் தண்ணீர் கடினம், குழாயிலும் ஷவர் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும். லைம்ஸ்கேல் என்பார்கள். கிளீனிங் பட்டியலில் இது தவறாமல் இருக்கும். வினிகரோ சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் லைம்ஸ்கேல் திரவமோ போட்டு ஊறவிட்டால் பெரும்பாலும் போய்விடும். கடைசி நாள் ராத்திரி ஆரம்பித்தால் போகாது, ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்.

சுத்தம் செய்து முடித்து, சாமான் எல்லாம் போனபின், வெளிச்சத்தில் முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் படம் எடுங்கள். ஓவனைத் திறந்து எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நடந்து ஒரு வீடியோவும் எடுத்துவிடுங்கள். ஏஜென்ட் தரப்பு ஆள் வந்து வீட்டின் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதும் செக்-அவுட் நேரத்தில் நீங்களும் இருக்கலாமா என்று கேளுங்கள். பலர் விடுவார்கள். ஒரு இடம் சரியில்லை என்று பார்க்க வந்தவர் சொன்னால், சாவி உங்கள் கையில் இருக்கும்வரை அங்கேயே துடைத்துவிடலாம். சாவியைக் கொடுத்தபின் திரும்பி வந்து துடைக்கிறேன் என்று கேட்க உரிமை இல்லை.

பதில் எழுதும் முறை

கழிக்கிறோம் என்ற மின்னஞ்சல் வந்ததும் மூன்றைக் கேளுங்கள்: செக்-அவுட் அறிக்கை, எந்த இடத்துக்கு எவ்வளவு என்ற பிரிவு, கிளீனிங் கம்பெனியின் பில் அல்லது மதிப்பீடு. மொத்தமாக 320 பவுண்ட் என்று ஒற்றை வரியில் கேட்கிறவர்கள், பிரித்துக் காட்டச் சொன்னதும் தொகையைக் குறைப்பது உண்டு.

அவை வந்ததும் ஒவ்வொரு வரியாகப் பதில் எழுதுங்கள். ஓவனுக்கு இவ்வளவு கேட்கிறீர்கள், செக்-இன் அறிக்கை இத்தனையாம் பக்கத்தில் ஓவனில் கறை என்றே இருக்கிறது, கடைசி நாள் படம் இது, ஆகவே ஒப்புக்கொள்ளவில்லை. இப்படி. குரலை உயர்த்த வேண்டாம், எவ்வளவு சிரமப்பட்டுத் தேய்த்தோம் என்ற கதையும் வேண்டாம். ஒன்று உண்மையிலேயே உங்கள் தவறு என்றால் அதை ஒப்புக்கொண்டு, நியாயமான தொகையை நீங்களே சொல்லுங்கள். ஃப்ரிட்ஜைத் துடைக்க மறந்திருந்தால் அதற்குரிய பணம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு ஃப்ரிட்ஜுக்காக வீடு முழுக்கக் கழுவிய பில்லை ஏற்காதீர்கள். அடுத்த குடித்தனக்காரருக்காக வீட்டை முன்பைவிட மேம்படுத்தும் செலவு உங்களுடையது அல்ல.

அந்த மின்னஞ்சலிலேயே, தகராறு இல்லாத மீதித் தொகையை இப்போதே அனுப்பச் சொல்லிவிடுங்கள். 320 பவுண்டுக்காக 1,600 பவுண்டையும் பிடித்து வைப்பது முறையல்ல. தொகை பற்றி இருவரும் ஒத்துக்கொண்டால் பத்து நாளுக்குள் பணம் வந்துசேர வேண்டும்.

திட்டத்திடம் போவது

பேசித் தீரவில்லை என்றால் டெபாசிட் பதிவான திட்டத்தின் இணையதளத்தில் தகராறு எழுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், யார் முன்னாலும் நிற்க வேண்டாம். இரு தரப்பும் இதற்குச் சம்மதித்தால் நடுவர் ஒருவர் ஆவணங்களை மட்டும் பார்த்து முடிவு சொல்வார். வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார், உங்களிடம் பேசவும் மாட்டார். ஆகவே கொடுக்க வேண்டியதை ஒரே தடவையில், ஒழுங்காகப் பெயரிட்டுக் கொடுத்துவிடுங்கள். தொலைபேசியில் இருக்கும் நூறு படங்களை அப்படியே கொட்டினால் யாரும் பொறுமையாகப் பார்க்க மாட்டார்கள். அறை, தேதி, செக்-இன் அறிக்கையின் எந்த வரிக்கு இந்தப் படம் பதில் என்று எழுதிக் கொடுங்கள். நடுவர் முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும். தாமதிக்கவும் வேண்டாம், பொதுவாகக் குடியிருப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் எழுப்ப வேண்டும்.

விசாவுக்குப் பிரச்சினை ஆகுமோ என்று பயந்து பலர் இந்தப் படியை எடுப்பதில்லை. டெபாசிட் தகராறுக்கும் விசாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிரெடிட் ரிப்போர்ட்டிலும் இது ஏறாது.

தெரிந்தவர் வீடு

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் வருகிறவர்கள் பலர் முதலில் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில்தான் குடியேறுகிறார்கள். அண்ணா வீடுதானே என்று டெபாசிட்டைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பார்கள், எழுத்தில் எதுவும் இருக்காது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து உங்களுக்கு ஓர் அறை மட்டும் கொடுத்திருந்தால் நீங்கள் லாட்ஜர், இந்தப் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது. அப்போது பணம் கொடுத்ததற்கு ஒரு வரியாவது எழுதி வாங்குவதும், வங்கி வழியாகவே அனுப்புவதும்தான் உங்களுக்கு இருக்கும் பிடிமானம். அண்ணாவும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அவர் வேறெங்கோ இருந்து, நீங்கள் வீட்டைத் தனியாக எடுத்திருந்தால் நிலைமை வேறு. வாய்ப்பேச்சு ஒப்பந்தமாக இருந்தாலும் டெபாசிட்டை அவர் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் கவுண்டி கோர்ட் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்க உத்தரவிடலாம். வழக்குப் போடும் முன் ஆலோசனை தரும் தொண்டு அமைப்புகளான சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ ஷெல்டரிடமோ கேளுங்கள், இரண்டிலும் இலவசமாகவே சொல்வார்கள். பெரும்பாலும் இந்த விதியைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினாலே கிளீனிங் பேச்சு அடங்கிவிடும்.

நண்பர்களோடு சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாணவர்களுக்கு: டெபாசிட் மொத்தமும் ஒன்றுதான், யார் அறை அழுக்கு என்று திட்டம் பிரித்துப் பார்க்காது. படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறவர்கள், பணம் வந்துசேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். திட்டத்தில் பதிவான மின்னஞ்சல் பல்கலைக்கழக முகவரியாக இருந்தால் அது முடங்குவதற்குள் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.