வழியறியும் சக்கர நாற்காலி: டர்பனிலிருந்து வெளிநாட்டு ஆய்வகத்தோடு இணைந்து பணியாற்றும் முறை

தடைகளை உணர்ந்து வழிகாட்டும் மின் சக்கர நாற்காலியை உருவாக்க, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள குழு இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஆய்வகத்தோடு சேரும்போது, முதலில் முடிவு செய்ய வேண்டியது சோதனை எங்கே நடக்கும் என்பதே. ஆய்வகத்தின் வழவழப்பான தரையில் சீராக ஓடும் நாற்காலி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியின் மேடுபள்ளங்களிலும் குறுகலான வாசல்களிலும் அப்படியே ஓடும் என்று நம்ப இடமில்லை. ஆகவே வீட்டுச் சோதனையைக் கடைசி மாதங்களுக்குத் தள்ளாமல் முதலாண்டிலேயே வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியை அன்றாடம் பயன்படுத்துபவரும் அவருடைய இயன்முறை மருத்துவரும் ஊதியம் பெறும் பங்காளிகளாக அதில் இடம்பெறுவது அவசியம்.

வீட்டை அளந்து அனுப்புவது உங்கள் பொறுப்பு. வாசல் அகலம், திரும்பும் இடம், சாய்தளத்தின் சரிவு ஆகிய மூன்றையும் குறியுங்கள். தென்னாப்பிரிக்கக் கட்டட விதி எஸ்ஏஎன்எஸ் 10400 சாய்தளத்துக்கு அனுமதிக்கும் அதிகபட்சச் சரிவு 1:12. வீட்டில் கைக்கு வந்தபடி கட்டியது அதைவிடச் செங்குத்தாக இருக்கலாம். கணுக்கால் உயரத்தில் பொருத்தி, லேசர் ஒளியால் ஒரே மட்டத்தில் தூரம் அளக்கும் லைடார் மேசையின் கால்களைக் காணும், மேற்பலகையைக் காணாது. கண்ணாடிக் கதவை ஊடுருவிவிடும். கீழிறங்கும் படியை அறவே உணராது. அதனால் ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் அளக்கும் ஆழக் கேமரா ஒன்றும் தரையை நோக்கித் தேவை. அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் அத்தகைய கேமராக்கள் பல வராந்தா வெயிலில் தடுமாறுவதால், நண்பகல் பதிவு ஒன்றையும் கட்டாயம் அனுப்புங்கள்.

மென்பொருளுக்கு இருதரப்பும் ரோபோக்களுக்கான மென்பொருள் கட்டமைப்பான ராஸ் 2-இன் (ROS 2) ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு, அளவலகு, அச்சுத் திசை, கடிகார நேரம் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே ஒத்துக்கொண்டால் பிற்பாடு வரும் பெரும்பாலான குழப்பங்கள் வராமலே போகும். நாற்காலி தானே ஓடுவதைவிட, ஜாய்ஸ்டிக்கை நகர்த்துபவரின் விருப்பத்தை முதன்மையாகக் கொண்டு, மோதும் நிலையில் மட்டும் வேகத்தைக் குறைத்துத் திருப்பிவிடும் பகிர்வுக் கட்டுப்பாடே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அமர்ந்திருப்பவர் சரக்கு அல்ல. நிறுத்தும் பொத்தான் மென்பொருளைச் சாராமல் மோட்டார் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். மின் நாற்காலிகளின் கட்டுப்பாட்டு அமைப்புக்குரிய ஐஎஸ்ஓ 7176 என்னும் சர்வதேசத் தரநிலையின் 14-ஆம் பகுதியை வடிவமைக்கும்போதே படித்துவிடுங்கள்.

வெளிநாட்டு ஆய்வகம் பெற்ற நெறிமுறை அனுமதி இங்கே போதாது. தென்னாப்பிரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வு நெறிமுறை மன்றத்தில் பதிவுபெற்ற உள்ளூர்க் குழுவின் ஒப்புதலைத் தனியே பெறுங்கள். அடுத்தது தரவு. வீட்டுக்குள் ஓடும் கேமராவில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சாமி மாடமும் பதிவாகும். 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டியதான போப்பியா (POPIA) என்னும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிப்பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்துகிறது. அதன் 72-ஆம் பிரிவு, தனிநபர் தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்ப நிபந்தனைகள் விதிக்கிறது. படங்களை நாற்காலியிலுள்ள கணினியிலேயே செயலாக்கி, தடை வரைபடத்தையும் ஜாய்ஸ்டிக் பதிவையும் மட்டும் அனுப்புவதே பாதுகாப்பான வழி.

அரசு நிதியில் நடக்கும் ஆய்வின் அறிவுசார் சொத்துரிமைக்கு தென்னாப்பிரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளதால், பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தைக் கலக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

நிதி முடிந்தபின் நாற்காலி யாருக்கு, பேட்டரியும் சென்சாரும் பழுதானால் யார் மாற்றுவது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் பெயரிட்டுக் குறியுங்கள். கூடுதல் கருவிகளைக் கழற்றினால் சாதாரண மின் நாற்காலியாக ஓடும்படி இணைப்பை அமைத்துவிட்டால், ஆய்வகம் விலகினாலும் பயன்படுத்துபவர் நாற்காலியை இழக்க மாட்டார்.